நீலக் குழந்தைகள்

மூன்று வயதுக் குழந்தையொன்று பத்தடி நடந்ததும் குந்திவிடுகின்றது. அதன் உதடுகளும் நகங்களும் நாவற்பழம்போற் கறுத்துள்ளன. சற்றுக் குந்தியிருந்தபின் மூச்சுச் சீர்ப்பட்டு மீண்டும் நடக்கின்றது. நேயர்களே, இதனைப் பிடிவாதமென எண்ணிவிடலாகாது. குந்தும்போது கால்களின் நாடிகள் நெருக்குண்டு, சுவாசப்பைக்குச் செல்லும் இரத்தம் சிறிது கூடுகின்றது. எவரும் கற்பியாத வைத்தியத்தை அக்குழந்தை தானே கண்டுகொண்டது.

1888 ஆம் ஆண்டில் பிரான்சின் மார்செய் நகரத்து வைத்தியர் பலோ இந்நோயின் நான்கு குறைகளையும் ஒருங்கே விளக்கினார். அவற்றுள் முக்கியமானவை இரண்டு: இருதயத்தின் கீழறைகளுக்கு இடைப்பட்ட சுவரிலே துவாரம், சுவாசப்பைக்குச் செல்லும் வழியிலே ஒடுக்கம். இவற்றாற் பிராணவாயு பெறாத இரத்தம் உடலிற் பாய்ந்து, மேனி நீலம் பாரிக்கின்றது.

அமெரிக்காவின் பால்ட்டிமோர் நகரிலுள்ள ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் வைத்தியசாலையில் இக்குழந்தைகளைக் கவனித்துவந்தவர் டாக்டர் ஹெலன் டௌசிக் என்னும் பெண்மணி. செவிப்புலன் குன்றிய அவர், குழந்தைகளின் மார்பிலே விரல்களை வைத்து இருதயத்தின் நிலையை அறிந்தார். பிறந்தபின் இயல்பாக மூடிக்கொள்ளும் ஒரு சிறு குழாய் திறந்திருக்கும்வரை இக்குழந்தைகள் ஓரளவு நலமாயிருப்பதையும், அது மூடியதும் நீலம் மிகுவதையும் கண்டார். அத்தகைய வழியொன்றைச் செயற்கையாக அமைத்தாலென்ன என்று வினவினார். சத்திரவைத்தியர் அல்பிரட் பிளேலொக் அப்பணியை ஏற்றார். நாய்களிலே அம்முறையைப் பலகாலம் பயின்று செம்மைப்படுத்தியவரோ அவருடைய உதவியாளர் விவியன் தோமஸ். கறுப்பினத்தவராகிய இவர் பல்கலைக்கழகம் புகாதவர். தொடக்கத்தில் துப்புரவுத் தொழிலாளரின் தரத்திலேயே ஊதியம் பெற்றவர்.

1944 நவம்பர் 29 ஆம் நாள், பதினைந்து மாதப் பெண் குழந்தையொன்றின் கைக்குச் செல்லும் நாடி சுவாசப்பை நாடியோடு பொருத்தப்பட்டது. பிளேலொக்கின் பின்னே சிறு பலகையொன்றின்மீது நின்று தோமஸ் வழிகூறினார். மறு ஆண்டு வெளியான வைத்தியக் கட்டுரையில் அவர் பெயர் இல்லை! கௌரவ கலாநிதிப் பட்டம் அவருக்கு 1976 இலேயே கிட்டியது.

அந்த முதற்குழந்தை அடுத்த ஆண்டிலே இறந்தது. ஆயினும் மூன்றாவதாக வந்த ஆறு வயதுச் சிறுவனின் உதடுகள் சத்திரசிகிச்சை மேசையிலேயே சிவந்தன.

இம்முறை துவாரத்தை அடைக்கவில்லை, ஒடுக்கத்தை நீக்கவுமில்லை. அவற்றை நேரே திருத்தும் சத்திரசிகிச்சையை 1954 இல் மினசோட்டாவில் டாக்டர் லிலஹை செய்தார். அப்போது வேறொருவரின் இருதயமும் சுவாசப்பையும் நோயாளிக்காகவும் உழைத்தன. மேயோ வைத்திய நிலையத்தில் 1955 முதல் 1960 வரை இத்திருத்தம் பெற்று, முதல் மாதத்தைக் கடந்தோரில் நூற்றுக்கு ஏறக்குறைய 86 பேர் 32 ஆண்டுகளின் பின்னும் உயிரோடிருந்தனர்.

எனினும் திருத்திய இருதயம் குறையற்ற இருதயமன்று. ஒடுக்கத்தை விரிக்கும்போது சுவாசப்பை நாடியின் வால்வு பழுதடைவதுண்டு. இரத்தம் பின்னோக்கி ஒழுக, வலது கீழறை ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி வீங்குகின்றது, நாடித்துடிப்பும் தடுமாறலாம். ஓடி விளையாடிய பிள்ளை பதினெட்டு வயதானதும் வைத்தியரை நாடாது விடுவது இங்கேதான் ஆபத்தாகின்றது. திருமணப் பேச்சின்போது மார்புத் தழும்பை மறைப்போர் பிற்பாடு மகப்பேற்று வைத்தியரிடமும் மறைத்துவிடுவர், அது பெருந்தவறு. அத்தகைய பெண் கருவுறுமுன்னரே இருதய வைத்தியரைக் காணல்வேண்டும்.

பழுதான வால்வை மாற்ற ஒருகாலத்தில் மீண்டும் மார்பைத் திறக்கவேண்டியிருந்தது. 2000 ஆம் ஆண்டில் பாரிசிலே டாக்டர் பொன்ஹொபர் பன்னிரண்டு வயதுச் சிறுவனொருவனுக்கு, இரத்தக்குழாய் வழியே மெல்லிய குழலைச் செலுத்திப் புதிய வால்வைப் பொருத்தினார். இன்று அம்முறை பல நாடுகளில் வழக்கிலுள்ளது. எப்பொழுது பொருத்துவது என்பதை, காலந்தோறும் எடுக்கப்படும் இருதயப் படங்களை ஒப்பிட்டே வைத்தியர் தீர்மானிக்கின்றனர்.