மருத மரமும் 65 மீற்றரும்



கல்முனைக் கரையோரத்து ஊர்ப் பெயர்களைச் சற்று உச்சரித்துப் பாருங்கள். மருதமுனை, சாய்ந்தமருது, நற்பிட்டிமுனை, காரைதீவு. மண்ணும் மரமும் நீரும் சூட்டிய பெயர்கள் இவை. அதே மருதமுனையில், மேட்டுவட்டையிலே உள்ள ஒரு குடியிருப்புக்கு இன்று '65 மீற்றர் வீட்டுத்திட்டம்' என்று பெயர். மரத்தால் பேர் பெற்ற ஊரில் ஒரு குடியிருப்பு அளவுகோலால் பேர் பெற்றிருக்கிறது. இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களைப் பறிகொடுத்தது அம்பாறை மாவட்டந்தான், பத்தாயிரத்துக்கும் மேல். அடுத்த ஆண்டு அரசாங்கம் கரையோரத்தில் கட்டிடத் தடை வலயம் ஒன்றை அறிவித்தது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர். வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர். எதிர்ப்புகள் எழுந்தன, தூரம் பின்னர் குறைக்கப்பட்டது. எமது பகுதியில் நிலைத்து நின்ற எண் 65. அந்தக் கோட்டுக்குள் அகப்பட்டவர்களுக்கு வேறிடத்தில் வீடுகள் கொடுக்கப்பட்டன.

கடலின் கொடுமையைக் கண்ட எவரும் அந்தத் தடையை வீண் என்று சொல்லமாட்டார். ஆனால், கடலுக்கும் வீட்டுக்கும் இடைப்பட்ட தூரத்தை அளந்தவர்கள், வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே இருந்த உறவை அளக்கவில்லை.

கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வீடு பெண்ணின் சொத்து. அயலிலே வாழும் தமிழ் மக்களிடமும் இவ்வழக்கம் உண்டு. மகளுக்குக் கலியாணம் பேசும்போதே வீடும் பேசப்படும். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். மூத்தவளுக்கு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, உம்மாவும் வாப்பாவும் இளையவர்களைக் கூட்டிக்கொண்டு அதே வளவில் அல்லது அயலில் கட்டிய இன்னொரு வீட்டுக்குப் போவார்கள். இரண்டு தலைமுறை கழிந்தால் அந்த ஒழுங்கை முழுவதும் ராத்தா, தங்கச்சி, பெரியம்மா, சாச்சி. பிள்ளை எந்த வீட்டில் சாப்பிட்டது என்று யாரும் விசாரிக்கமாட்டார்கள். இரவில் ஒருத்திக்கு நோக்காடு கண்டால், வேலிக்கப்பால் இருந்து தங்கச்சி ஓடி வருவாள். ஒரு பழைய குடியிருப்பின் தன்மை என்று நகரத் திட்டக்காரர்கள் சொல்வதெல்லாம் எங்கள் ஊரில் இதுதான். அது ஓட்டுக் கூரையிலோ முகப்புத் திண்ணையிலோ இல்லை.

வீடு பகிரும்போது பெயர்ப் பட்டியல்தான் பார்க்கப்பட்டது. வளவு ஒன்றாக இருந்த சகோதரிகள் திசைக்கொருவராகப் பிரிந்தார்கள். சிலருக்குத் தொடர்மாடி வீடு கிடைத்தது. சீமெந்தும் கம்பியும் உறுதியானவைதாம். ஆனால் மாடி வீடு வளராது. வளவிலே ஒரு மூலையில் அத்திவாரம் வெட்டி மகளுக்கு வீடு எழுப்பலாம். மூன்றாம் மாடியில் எங்கே அத்திவாரம் வெட்டுவது?

இன்னொன்றும் நடந்தது. தாய்வழியாக வந்த வீட்டை இழந்த பெண்ணுக்குப் பதிலாகக் கொடுத்த வீடு, பல இடங்களில் 'குடும்பத் தலைவர்' என்ற பேரில் கணவன் பெயருக்குப் போயிற்று. அரச காணிகளின் உரித்தைத் தீர்மானிக்கும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமோ, பின்னுரிமையில் மகளுக்கு முன் மகனை நிறுத்தியிருந்தது. அந்தப் பாகுபாட்டை நீக்கும் திருத்தம் 2022இலேதான் வந்தது. ஆக, கடல் வீட்டை மாத்திரம் கொண்டுபோக, கடதாசி வீட்டுக்காரியையும் மாற்றிவிட்டது.

பழைய வழக்கத்தில் பாரம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சகோதரிக்கு வீடு கட்டவென்றே மத்திய கிழக்கு வெயிலில் இளமையைத் தொலைத்த காக்காமார் எத்தனை பேர்! கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவிலே ஒடுங்கிய ஒரு நிலத்துண்டு. கடற்கரையிலிருந்து 300 மீற்றர் வரை 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருகிறது. வயலை நிரப்புவதென்றால் 2000ஆம் ஆண்டின் கமநல அபிவிருத்திச் சட்டம் குறுக்கே நிற்கிறது. இரண்டும் தேவையான சட்டங்களே. நெல் விளையும் வட்டையை மண்போட்டு மூடினால் மாரி வெள்ளம் நம் வீட்டுக்குள்தான் வரும். ஆகவே காணிக்கு விலை ஏற, சீதன வீட்டின் பாரமும் ஏறுகிறது.

வளவை இருந்தபடியே காப்பாற்ற முடியாது என்பது உண்மை. ஆனால் அதன் உயிரைக் காப்பாற்றலாம். அதற்குப் பெரிய செலவு தேவையில்லை. ஓர் ஒழுங்கையைப் பெயர்க்க வேண்டி வந்தால் ஒழுங்கையாகவே பெயர்க்கட்டும். சீட்டுக் குலுக்கி வீடு கொடுக்கு முன்னர், "உங்கள் பக்கத்தில் யார் இருந்தார்கள்?" என்று ஒரு கேள்வி கேட்கட்டும். உறுதியை எழுதும்போது, வீடு யாருடையதாக இருந்ததோ அவளுடைய பெயரை எழுதட்டும். மாடி கட்டுவதானால் மகளுக்கென்று மேலே ஒரு தட்டு எழுப்பத்தக்க அத்திவாரம் போடட்டும். அந்தக் கேள்விகளைக் கேட்கிற பலகையில் ஊர்ப் பெண்கள் இருவராவது அமரட்டும். வளவின் கணக்கு அவர்களுக்குத்தான் மனப்பாடம்.

கடல் இன்னும் கரையை அரித்துக்கொண்டிருக்கிறது. கோடுகள் இனியும் கீறப்படும். கீறும் கைகளுக்கு மீற்றர்க் கோல் ஒன்று போதாது. அந்த நிலத்தில் ஒரு தாய் தன் மகளுக்கு எதைக் கொடுத்து வந்தாள் என்கிற அறிவும் வேண்டும்.