அருங்காட்சியகத்தில் நமக்கென்ன வேலை?



"முன் அனுபவம் உண்டா என்கிறார்கள். வேலையே தராமல் அனுபவம் எங்கிருந்து வரும்?" நம் மஹல்லா இளைஞர்கள் கேட்கும் நியாயமான கேள்வி இது. அதற்கு ஒரு வாசலைக் காட்டுகிறேன்.

சென்னை எழும்பூரில் 1851ல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. "சிலைகள் உள்ள இடமாயிற்றே!" என்று தயங்காதீர்கள். அறிந்துகொள்ளத்தானே போகிறோம்? முன்சென்ற சமூகங்களின் சுவடுகளைக் கண்டு படிப்பினை பெறுமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் தூண்டுகிறதே!

14ஆம் நூற்றாண்டில் மதுரையை ஆண்ட சுல்தான்களின் காசுகளில் இருப்பது அரபு எழுத்து. ஆற்காடு நவாபுகளின் ஆவணங்கள் பார்சியில் உள்ளன. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் நம் முன்னோர் அரபுத் தமிழில் எழுதினார்கள். மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கு இந்த எழுத்துகள் அந்நியமல்ல. ஆனால் எழுத்து தெரிந்தால் மட்டும் போதாது. பழம்பொருளைச் சேதமின்றிக் கையாள வேண்டும். அளந்து, எடையிட்டு, எண் கொடுத்து, பதிவேட்டில் ஏற்ற வேண்டும். வந்தவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். தன்னார்வப் பணி இவற்றைக் கற்றுத் தரும்.

உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அருங்காட்சியகத்திற்கே விண்ணப்பம் எழுதுங்கள். என்ன தெரியும், எந்த நாட்களில் வர முடியும், எத்தனை மாதம் என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். எழும்பூரில் வெள்ளிக்கிழமை விடுமுறை, ஜும்ஆவுக்கு இடையூறில்லை. முதலில் சிறு வேலைதான் தருவார்கள், முகம் சுளிக்காதீர்கள். செய்த பணியைக் குறிப்பிட்டு முடிவில் சான்றிதழ் கேளுங்கள். ஆனால் சம்பளமில்லா உழைப்புக்கும் எல்லை உண்டு. மூன்று மாதம் கற்றுக்கொள்ளுங்கள். அதையே ஆண்டுக்கணக்கில் நீட்டாதீர்கள்.

வணிகப் பெருமக்களே! சம்பளமில்லாத வேலைக்கு வசதியான வீட்டுப் பிள்ளை போய்விடுவான். கூலித் தொழிலாளியின் மகன் எப்படிப் போவான்? அவனைத் தடுப்பது பஸ் கட்டணமும் மதியச் சாப்பாடும்தான். ஒவ்வொரு கடைவீதியும் ஓர் இளைஞனின் மூன்று மாதச் செலவை ஏற்கட்டும். உங்கள் கடையில் நிற்கும் பையனுக்கு வாரத்தில் அரைநாள் விடுங்கள். பாட்டனார் எழுதிய கணக்குப் புத்தகங்களைப் பழைய பேப்பர் கடையில் எடைக்குப் போடாதீர்கள், அவையும் சரித்திரமே.

நம் வரலாற்றைப் பிறர் மறைக்கிறார்கள் என்று மேடைதோறும் குறைப்படுகிறோம். பதிவேட்டில் ஒரு வரியாவது நம் பிள்ளையின் கையால் ஏறட்டும்! அல்லாஹ் நம் முயற்சிகளை ஏற்று அருள்வானாக.