நீக்குதலும் அழித்தலும்

'நீக்குதல்', 'அழித்தல்' என்னும் இரு சொற்களையும் அன்றாடப் பேச்சில் நாம் ஒரே பொருளில் வழங்கிவிடுகிறோம். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர்க்கு இவ்விரண்டையும் பிரித்தறிதல் கடமை. கணிப்பொறியில் புகைப்படங்களைச் சேர்த்து வைப்போர்க்கோ, ஒரு குடும்பச் செல்வம் எஞ்சுமா மறையுமா என்பதே இவ்வேறுபாட்டில் அடங்கியிருக்கிறது.

முன்னாளில் படம் கிழிந்துபோனாலும், நெகட்டிவ் இருந்தால் மறுபிரதி எடுத்துக்கொள்ள முடிந்தது. இன்றோ படமும் மூலமும் ஒரே கோப்புதான். மறைந்த தாயின் முகம் அதில் மட்டுமே இருக்கக்கூடும். கை தவறி அதனை நீக்கிவிட்டால் மீட்க இயலுமா?

அது எதில் இருந்தது என்பதைப் பொறுத்தது விடை. காந்தத் தட்டுகள் சுழலும் பழைய ஹார்டு டிஸ்க்கில், நீக்கிய கோப்பு உடனே அழிவதில்லை. நூலகத்தில் அட்டவணைச் சீட்டை எடுத்துவிட்டாலும் நூல் அலமாரியிலேயே இருப்பது போல, வேறொன்று அவ்விடத்தில் எழுதப்படும் வரை படம் அங்கேயே இருக்கும்.

எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலை வட்டின் இயல்பு வேறு. ஜப்பானியப் பொறியியலாளர் ஃபுஜியோ மசுவோகா தோஷிபா நிறுவனத்தில் 1980-களில் உருவாக்கிய ஃபிளாஷ் நினைவகமே அதன் அடிப்படை. செய்தி அங்கே மின்னேற்றமாக நுண்ணறைகளில் தங்குகிறது. எழுதுவது பக்கம் பக்கமாக. அழிப்பதோ பல பக்கங்கள் சேர்ந்த தொகுதியாக. எழுதியதன்மேல் எழுத இயலாது. முதலில் அழித்தாக வேண்டும். ஆதலின், 'இப்பக்கங்கள் இனி வேண்டா' என்று கணிப்பொறி வட்டுக்கு முன்கூட்டியே அறிவிக்கிறது. இவ்வறிவிப்புக்கு டிரிம் என்று பெயர். 2009-இல் வெளிவந்த விண்டோஸ் 7 முதல் விண்டோஸில் இவ்வசதி உண்டு. அறிவிப்பு சென்றபின், வட்டு ஓய்வு நேரத்தில் அப்பக்கங்களைத் துடைத்துவிடும். துடைக்குமுன் படித்தாலும் பல வட்டுகள் வெறும் சுழியங்களையே திருப்பித் தரும். இங்கே நீக்குதல் விரைவிலேயே அழித்தலாகிவிடுகிறது.

ஆயினும் உடனே மனம் தளர வேண்டுவதில்லை. முதலில் ரீசைக்கிள் பின்னைத் திறந்து பார்ப்போம். அங்கிருக்கும் கோப்பு இன்னும் மெய்யாக நீக்கப்படவில்லை. பின்பு கைப்பேசியிலும், மின்னஞ்சலிலும், உறவினரிடத்தும் பிரதி உண்டா என்று தேடுவோம். எங்கும் இல்லையெனில், அவ்வட்டில் எதனையும் எழுதாமல், மீட்பு மென்பொருளைக்கூட அதில் நிறுவாமல், கணிப்பொறியை நிறுத்திவிடுதல் நன்று. லினக்ஸ் வகைகள் சில வாரம் ஒருமுறையே டிரிம் அனுப்புகின்றன, யு.எஸ்.பி. வழியே இணைக்கும் பெட்டிகள் சில அதனை அனுப்புவதே இல்லை. அத்தகைய இடங்களில் நம்பிக்கைக்கு இடமுண்டு.

படம் எடுத்த கேமராவின் நினைவக அட்டையையும் மறத்தலாகாது. அதில் நீக்கியவை பெரும்பாலும் அட்டவணையிலிருந்து மட்டுமே நீங்கியிருக்கும். ஃபோட்டோரெக் என்னும் இலவச மென்பொருள், அட்டவணையை நம்பாமல் படக்கோப்பின் தொடக்கக் குறியைத் தேடி அவற்றை மீட்க முயலும். மீட்டவற்றை வேறொரு வட்டில் சேமித்தல் வேண்டும்; அதே அட்டையில் எழுதினால், மீளாதிருக்கும் படங்களின்மேல் மீண்டவை ஏறிவிடும்.

டிரிம் ஒரு குறைபாடன்று; வட்டின் வேகத்தைக் காப்பது அதுவே. ஆனால் அது துடைத்துவிட்டதை எம்மென்பொருளாலும் மீட்டுத் தர இயலாது. 'எதனையும் மீட்போம்' என்று உறுதி கூறிப் பணம் கேட்போரிடம் எச்சரிக்கையாக இருத்தல் நலம்.

ஆகவே, மீட்கும் வழியைக் கற்பதினும் பிரதி எடுத்துவைக்கும் பழக்கமே பெரிது. நெகட்டிவ் முன்பு செய்த காவலை இன்று இரண்டாம் பிரதிதான் செய்ய வேண்டும். ஒரு பிரதி வீட்டில் மற்றொரு வட்டில் இருக்கட்டும். இன்னொன்று வேற்றூரில் வாழும் உடன்பிறந்தார் வீட்டில் இருக்கட்டும். அப்பொழுது கை தவறினாலும் முகம் தவறாது.