ஆட்டக்களமும் அறமன்றமும்

கால்பந்து என்றதும் கொல்கத்தா மைதானத்தில் காலால் உதைத்து ஆடும் ஆட்டமே நம் நினைவுக்கு வரும். அமெரிக்க நாட்டில் அப்பெயரால் வழங்குவது வேறோர் ஆட்டம். பந்து நீள்வட்ட வடிவினது. அதைக் கையில் ஏந்தி ஓடுவதும் எறிந்து பிடிப்பதுமே மிகுதி. பக்கத்துக்குப் பதினொருவர் தலைக்கவசம் அணிந்து மோதிக்கொள்வர். உடல்வலிமையே அனைத்தும் எனத் தோன்றும் அவ்வாட்டத்தில் புகழெய்தி, பின்னர் நீதிபதியாக வீற்றிருந்த ஆலன் பேஜ் என்பவரைப் பற்றிச் சிறிது கூற விரும்புகிறேன்.

அவர் 1945-ஆம் ஆண்டு ஒஹையோ மாநிலத்துக் கான்டன் நகரில் கறுப்பினக் குடும்பமொன்றில் பிறந்தார். இளமையில் அவ்வூரில் எழும்பிக்கொண்டிருந்த கட்டடமொன்றில் கூலிவேலை செய்தார். கால்பந்து வீரர்களின் நினைவைப் போற்ற அமைக்கப்பெற்று, 1963-இல் திறக்கப்பெற்ற புகழ் மண்டபமே அது.

நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் பயின்றபின், 1967-இல் மினசோட்டா வைக்கிங்ஸ் அணியில் சேர்ந்தார். எதிரணியினர் பந்துடன் முன்னேறாதவாறு தடுப்பது அவர் பணி. 1971-இல் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் அவரை ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரராகத் தேர்ந்தது. தடுப்பாட்டக்காரர் ஒருவர் அவ்விருதைப் பெற்றது அதுவே முதன்முறை. ஆயினும், அவரது அணி நான்கு முறை இறுதிப் போட்டியை எட்டி, நான்கிலும் தோற்றது.

அத்தோல்விகளினும் அவர் உள்ளத்தை உறுத்திய நிகழ்ச்சி ஒன்றுண்டு. ஒருநாள் ஆட்டத் திட்டங்கள் அடங்கிய ஏட்டை உரக்கப் படிக்குமாறு பயிற்சியாளர் வீரர்களைப் பணித்தார். உடன் ஆடிய சிலரால் அதைப் படிக்க இயலவில்லை. அவர்களும் கல்லூரிகளைக் கடந்து வந்தவர்களே! ஆட்டத்திறன் இருந்தமையால், எழுத்தறிவைப் பற்றி எவரும் கவலைப்படவில்லை போலும்.

பேஜ் தம்மளவில் அக்குறைக்கு இடந்தரவில்லை. முதலில் சட்டக் கல்வியைத் தொடங்கிச் சில வாரங்களிலேயே கைவிட்டவர், மீண்டும் முயன்று, ஆடிக்கொண்டே பயின்று, 1978-இல் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் சட்டப் பட்டம் பெற்றார். அவ்வாண்டே வைக்கிங்ஸ் அணி அவரை விடுவித்தது. சிகாகோ பேர்ஸ் அணியில் 1981 வரை ஆடி ஓய்வு பெற்றார்.

1988-இல் அவர் பெயர் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றது. தாம் இளமையில் கூலிக்கு உழைத்த அவ்விடத்தில் நின்று, அவர் தம் வெற்றிகளை விரித்துரைக்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியே பேசினார். அவ்வாண்டிலேயே மனைவியார் டயானுடன் உதவித்தொகை வழங்கும் அறக்கட்டளை ஒன்றையும் நிறுவினார். பணம் பெறும் மாணவர் தம்மினும் இளைய பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரல் வேண்டும் என்பது அதன் நிபந்தனை.

மினசோட்டாவில் நீதிபதிகளை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுப்பர். 1992-ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்று, அம்மாநில உச்சநீதிமன்றத்தின் முதற் கறுப்பின நீதிபதியானார் பேஜ். எழுபது வயது நிரம்பியதும் விலக வேண்டும் என்ற சட்டப்படி 2015-இல் பதவி துறந்தார். 2018-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் சுதந்திரப் பதக்கம் அவருக்கு வழங்கப்பெற்றது.

களத்தில் அவர் ஆடியது பதினைந்து ஆண்டுகள். அறமன்றத்தில் வீற்றிருந்தது இருபத்திரண்டு ஆண்டுகளுக்கும் மேல். தோள்வலி தளருமுன்னரே கல்வியைத் தேடிக்கொண்டவருக்கு, ஆட்டம் முடிந்த நாள் வாழ்வு முடிந்த நாளாக அமையவில்லை.