உங்கள் நகைக்கு அடையாளம் உண்டா?

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் பேசியது)



திருச்சி சத்திரம் பேருந்து நிலையம் அருகே உள்ள லலிதா ஜுவல்லரியில் 2019 அக்டோபர் 2 அதிகாலை நடந்த கொள்ளை உங்களுக்கு நினைவிருக்கும். சுவரில் துளை போட்டு, முகமூடி மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். மோப்ப நாயைக் குழப்ப மிளகாய்ப் பொடி வேறு தூவியிருந்தார்கள். போனது சுமார் 13 கோடி ரூபாய் நகை. கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது, முகத்தைத் தவிர.

மறுநாள் இரவு திருவாரூரில் வாகனச் சோதனை. பைக்கில் வந்த இருவரில் ஒருவர் ஓடிவிட்டார். மற்றவர் நகையோடு சிக்கினார். அதில் இருந்த பார்கோடு கடையின் பதிவோடு ஒத்துப்போனது. வழக்கின் முடிச்சு அங்கேதான் அவிழ்ந்தது.

நம் வீட்டு நகையில் பார்கோடு கிடையாது. நகையைப் பிடிப்பது போலீஸின் வேலை. அது உங்களுடையதுதான் என்று நாகர்கோவில் கோர்ட்டில் நிற்க வேண்டியது நீங்கள். "ஆரம் ஒன்று, வளையல் நாலு" என்று புகார் எழுதினால் போதாது. எடை, கல்லின் நிறம், கொக்கி, பற்றவைத்த இடம் எல்லாம் வேண்டும். பாட்டி காலத்து நகைக்கு ரசீது எங்கே போவது? கல்யாண ஆல்பத்தில் அதைப் போட்டு நிற்கும் படம் கைகொடுக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்து, வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கும் அனுப்பி வையுங்கள். பவுனைக் கூட்டிச் சொல்லாதீர்கள். மீட்ட எடை பொருந்தாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதைப் பிடித்துக்கொள்வார்.

கதவு உடைந்திருந்தால் உள்ளே போகாதீர்கள். நாம் என்ன செய்வோம்? மாடி முழுக்கத் திரண்டு, பீரோவைத் திறந்து பார்த்து, இரக்கப்பட்டு யாராவது தரையைக் கூட்டியும் விடுவோம். விரல்ரேகைப் பிரிவினர் வரும்போது அங்கே நம் ரேகைதான் இருக்கும். வெளியே நின்று 112-க்கு அழையுங்கள். நகையை உருக்கிவிட்டால் அடையாளம் போய்விடும், அதனால் தாமதம் வேண்டாம். கேமராப் பதிவும் சில நாள்களில் தானாக அழிந்துவிடும். செயலரிடம் உடனே சொல்லி எடுத்துவைக்கச் செய்யுங்கள். கேமராவின் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் சங்கம் மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும்.

இன்னொன்று. வீட்டு வேலைக்கு வருகிற அக்கா பெயரை ஆதாரமில்லாமல் புகாரில் எழுதாதீர்கள். யார் யார் வந்துபோவார்கள் என்று விசாரித்தால் உறவினர் உட்பட எல்லாரையும் சொல்லுங்கள். நம் ஒரு சொல்லால் அவருக்கு நாலு வீட்டு வேலை போய்விடும். பிறகு திருடன் வேறு ஆள் என்று தெரிந்தாலும் யாரும் திரும்பக் கூப்பிடுவதில்லை.

முதல் தகவல் அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்பது சட்டம், கேட்டு வாங்குங்கள். மீட்ட நகையை வழக்கு முடியும் முன்பே மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மனுப் போட்டு வாங்கலாம். கேட்கும்போது கொண்டுவந்து காட்டுவேன் என்று பொதுவாகப் பிணைப்பத்திரம் எழுதித் தர வேண்டியிருக்கும். அதுவரை விற்கவோ அழித்துப் புதுசு செய்யவோ கூடாது.