முதல் தகவல் எங்கே போய்ச் சேர்கிறது?



அயல் ஆக்கிரமிப்பு உயிரினங்களைப் பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். வெளியிலிருந்து வந்ததெல்லாம் நமக்குப் பகையல்ல. மிளகாய், தக்காளி, பப்பாளி, மரவள்ளி எல்லாமே அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்தவைதான். அவை நமக்குச் சோறு போடுகின்றன. அதே கண்டங்களிலிருந்துதான் உன்னிச்செடியும், சீமைக் கருவேலமும், ஆகாயத் தாமரையும், பார்த்தீனியமும் வந்தன. அவை காட்டையும் கண்மாயையும் மேய்ச்சல் நிலத்தையும் பிடித்துக்கொண்டன. எங்கிருந்து வந்தது என்பதல்ல, வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பதே நம் கேள்வி.

2008-ஆம் ஆண்டு. கோவைப் பகுதிப் பப்பாளித் தோட்டங்களில் இலைக்கு அடியிலும் காயின் மேலும் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளை படர்ந்தது. தொட்டால் விரலில் பிசுபிசுத்தது. அந்தப் பிசுபிசுப்பின் மேல் கரும்பூசணம் ஏறியது. இலை சுருண்டது, காய் உதிர்ந்தது. வந்தது பப்பாளி மாவுப்பூச்சி. அது பப்பாளியோடு நிற்கவில்லை; மல்பெரிக்கும் மரவள்ளிக்கும் பருத்திக்கும் தாவியது. உழவர்கள் கடன் வாங்கியும் மருந்து அடித்தார்கள். மெழுகு போர்த்திய அந்த உடம்பில் மருந்து ஏறவில்லை.

2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகள் வரவழைக்கப்பட்டன. கடுகைவிடச் சிறிய குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு அதை உள்ளிருந்தே தின்று, குளவியாகி, ஓட்டை போட்டுக்கொண்டு வெளியே வரும். பெங்களூரு விஞ்ஞானிகள் சோதித்துப் பெருக்கினார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வயல்களுக்குக் கொண்டு சேர்த்தது. தோட்டங்கள் மீண்டன. இது நம் அறிவியலின் பெரிய வெற்றி.

ஆனால் அடுத்து நடந்ததைக் கேளுங்கள். 2020-இல் கேரளத்தின் திருச்சூரில் வேறொரு மாவுப்பூச்சி தென்பட்டது. இது மரவள்ளிக்கே உரியது. சேலம், நாமக்கல் வரை பரவியது. ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து இதற்கான ஒட்டுண்ணிக் குளவி வந்து சேலத்து வயல்களில் விடப்பட்டபோது ஆண்டு 2022. அந்தக் குளவி ஆப்பிரிக்காவின் மரவள்ளியை 1980-களிலேயே காப்பாற்றியது. இதே பூச்சி 2008-இல் தாய்லாந்துக்கு வந்து, அங்கும் இதே குளவியால் அடங்கியது. பகைவன் யார் என்று தெரியும். அவன் ஆசியாவுக்குள் வந்துவிட்டான் என்று தெரியும். மருந்து எது என்றும் தெரியும். தெரிந்ததெல்லாம் ஒரே இடத்தில் பதிவாகி, ‘அடுத்து நம் நாடு, ஆயத்தமாகுங்கள்’ என்று சொல்ல ஓர் ஏற்பாடு இருந்திருந்தால், மரவள்ளி உழவர் இத்தனை பருவங்களை இழந்திருக்க வேண்டுமா?

எண்ணூருக்கு வாருங்கள். கொசஸ்தலை ஆற்றின் சேற்றில் மீனவர்கள் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். அந்தச் சேற்றின் மேல் இன்று தென் அமெரிக்கச் சிப்பி ஒன்று கம்பளம் விரித்ததுபோல மூடிக்கிடக்கிறது. மீனவர்கள் அதைக் ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். அது மூடிய இடத்தில் இறால் புதைய மண் இல்லை; தேடும் கைக்குக் கிழிசல்தான் மிச்சம். இதை முதலில் கண்டது ஆய்வகம் அல்ல, அந்தக் கைகள். கண்டவர் யாரிடம் சொல்வது? மீன்வளத் துறையிடமா, நீர்வளத் துறையிடமா, துறைமுகத்திடமா? திருட்டு நடந்தால் முதல் தகவல் அறிக்கை எழுத ஊருக்கு ஊர் காவல் நிலையம் இருக்கிறது. ஆற்றையே ஓர் உயிரினம் திருடும்போது முதல் தகவலை எழுதிக்கொள்ள ஓர் இடம் வேண்டாமா?

சட்டம் இல்லாமலில்லை. செடி, விதை இறக்குமதிக்கு 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத் தடுப்பு ஆணை இருக்கிறது. 2022-இல் திருத்தப்பட்ட வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், இத்தகைய இனங்களின் இறக்குமதியையும் வணிகத்தையும் தடுக்க ஒன்றிய அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. தமிழ்நாடு அதே ஆண்டில் அயல் களைத் தாவரங்களுக்கென்றே தனிக் கொள்கை கண்டது. ஆனால் ஒன்று வயலைப் பார்க்கிறது, ஒன்று காட்டைப் பார்க்கிறது. முதுமலையில் பிடுங்கும் மஞ்சள் கொன்றை என்ற அயல் மரம் பந்திப்பூரிலும் வயநாட்டிலும் நிற்கிறது. காடு ஒன்று, மாநிலம் மூன்று. விதைக்கு எல்லைக்கோடு தெரியாது.

ஆகவே இந்த மன்றத்தின் வழியாக நான்கு கோரிக்கைகளை வைக்கிறேன்.

ஒன்று, நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு. எந்த உயிரினம், எங்கே, எப்போது, யார் பார்த்தது, யார் உறுதிசெய்தது, என்ன செய்தோம், பலித்ததா என்ற ஏழும் அதில் இருக்க வேண்டும். மீனவரும் மேய்ப்பரும் மாணவரும் தம் தாய்மொழியிலேயே படத்தோடு பதியவும், குறித்த நாளுக்குள் வல்லுநர் பதில் சொல்லவும் வேண்டும். தோற்ற முயற்சிகளும் அதில் ஏற வேண்டும். ஒரு மாவட்டத்தின் தோல்விக்கு அடுத்த மாவட்டம் மறுபடி பணம் கட்டக்கூடாது.

இரண்டு, இன்னும் வராதவற்றின் பட்டியல். அண்டை நாடுகளில் பரவுவது எது, கப்பல் தன் நிலைப்புக்காக ஏற்றிவரும் நீரிலோ நாற்றிலோ அலங்கார மீன் வணிகத்திலோ வரக்கூடியது எது என்று கணித்து, மாற்று மருந்தை முன்கூட்டியே ஆராய்ந்து வைக்க வேண்டும்.

மூன்று, தொடர் பராமரிப்புக்கு நிதி. சீமைக் கருவேலத்தைத் தரையோடு வெட்டினால் தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதன் நெற்றைத் தின்ற ஆடு போகுமிடமெல்லாம் விதைக்கும். வேரோடு எடுத்து, நம் மண்ணின் மரத்தை நட்டு, சில ஆண்டுகள் காவல் இருந்தால்தான் வேலை முடியும். வெட்டிய அன்றோடு முடியும் ஒப்பந்தம் வெறும் செலவு.

நான்கு, மக்களின் பிழைப்பு. இராமநாதபுரத்தில் கரிமூட்டம் போட்டுப் பிழைப்பவருக்கு அந்த முள்மரம்தான் அடுப்பெரிக்கிறது. மாற்று வழி சொல்லாமல் மரத்தை மட்டும் எடுப்பது நீதியாகாது. முதுமலையில் வெட்டிய மஞ்சள் கொன்றை காகித ஆலைக்குப் போகிறதே, அதுபோன்ற வழிகளைத் திட்டத்திலேயே எழுத வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் ஏது என்பார்கள். ஐ.நா. ஆதரவில் இயங்கும் பல்லுயிர் அறிவியல் மன்றம் 2023-இல் சொன்ன கணக்கு இது: இவற்றால் உலகுக்கு ஏற்படும் இழப்பு ஆண்டுக்கு 42,300 கோடி டாலருக்கு மேல். தடுப்பதற்குக் கொடுப்பதைவிட, தடுக்காமல் விட்டதற்கே அதிகம் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

புதிய ஆக்கிரமிப்பு இனங்களின் வரவை 2030-க்குள் பாதியாகக் குறைப்போம் என்று மாண்ட்ரியலில் உலக நாடுகள் 2022-இல் உறுதி எடுத்தன. அதில் இந்தியாவும் உண்டு. அந்த உறுதியை டெல்லி மட்டும் நிறைவேற்ற முடியாது. உங்கள் ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அடுத்த கிராம சபையில் ஊரில் பரவும் அயல் செடிகளையும் பூச்சிகளையும் பட்டியலிட்டுத் தீர்மானம் போடுங்கள். மீன் தொட்டியை வெறுமையாக்கும்போது மீனைக் குளத்தில் விடாதீர்கள். வெளிநாட்டிலிருந்து விதையையும் கன்றையும் பெட்டியில் மறைத்துக் கொண்டுவராதீர்கள். பார்த்திராத செடியோ பூச்சியோ கண்ணில் பட்டால் அன்றைக்கே படமெடுத்து அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். அரசு ஒரு பதிவேட்டைத் திறக்கும்வரை கேட்டுக்கொண்டே இருங்கள். திறந்த அன்று முதல் பதிவு உங்கள் ஊருடையதாக இருக்கட்டும்.