எழுந்து போய்த் திருப்பிப் போட்டோமே!

நடுவர் அவர்களே! என் அணித் தோழர்களே! காதில் எதையோ மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) மயிலாப்பூர் ரசிகப் பெருமக்களே!

இசையை நாம் மனம் நிறைய அனுபவித்தது இசைத்தட்டிலா, கைப்பேசியிலா? இதுதானே தலைப்பு? இசைத்தட்டில்தான் என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் சொன்னார்: "என் சட்டைப்பையில் லட்சக்கணக்கான பாட்டு இருக்கு." இருக்கட்டும் ஐயா. அண்டா நிறையச் சோறு இருக்கு, சரி. நீங்க சாப்பிட்டீங்களா? அதுதானே கேள்வி! (கைதட்டல்)

எஸ்.ஜி. கிட்டப்பா 1933இல் மறைந்தபோது அவருக்கு வயது 27. சினிமாவில் அவர் நடித்ததே இல்லை. நாடக மேடையில் பாடியது அன்றைக்கே காற்றோடு போயிற்று. பின்னே அந்தக் குரல் எப்படி நம்மிடம் வந்தது? நிமிஷத்துக்கு 78 சுற்று சுற்றுகிற அரக்குத் தட்டு! ஒரு பக்கத்துக்குச் சுமார் மூணே நிமிஷம். அந்த மூணு நிமிஷத்துக்குள் ஒரு மனுஷன் தன் உயிரையே வைத்துவிட்டுப் போனார். இன்னிக்கு உங்க கைப்பேசியில கிட்டப்பா பாடுறாருன்னா, அதுவும் எங்க தட்டுலேர்ந்து எடுத்ததுதான்! (கைதட்டல்)

அடுத்தது கிடார். இந்த மயிலாப்பூரில்தான் தன்ராஜ் மாஸ்டர் மேற்கத்திய இசை சொல்லிக்கொடுத்தார். அவரிடம் படித்தவர் இளையராஜா. 1976இல் அன்னக்கிளி வருவதற்கு முன்பு அவர் ஜி.கே. வெங்கடேஷ் குழுவில் கிடார் வாசித்தவர். அப்புறம் கேட்பானேன், தெருவுக்குத் தெரு பையன்கள் கையில் கிடார்!

வாத்தியாருக்குக் காசு? கிடையாது. இசைத்தட்டுதான் வாத்தியார். தி.நகரில் எங்க எதிர்வீட்டு அண்ணன் ஒருத்தர் இருந்தார். 33 சுற்றில் ஓட வேண்டிய தட்டை 16 சுற்றில் ஓடவிடுவார். வேகம் பாதியாகும், சுருதி ஒரு ஸ்தாயி இறங்கும். பாடகர் கிணற்றுக்குள்ளேர்ந்து பாடுற மாதிரி இருக்கும். (சிரிப்பு) ஆனா கிடார்க்காரர் மீட்டுற ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக் கேட்கும். ஊசியைத் தூக்குவார், பழைய இடத்துல வைப்பார், திரும்பக் கேட்பார். ஒரே துண்டு, ராத்திரி பத்து மணி வரைக்கும்! அந்தக் கிடார்க்காரர் யாருன்னு உறையிலே போட்டிருக்காது. படத்தின் பேர், இசையமைப்பாளர் பேர், பாடகர் பேரோடு சரி. பேர் தெரியாத அந்தக் கலைஞனைத்தான் அண்ணன் குருவா வெச்சிருந்தார்.

எதிரணிச் சகோதரி கேட்டாங்க: "கைப்பேசியில் சுருதி மாறாமலே வேகத்தைக் குறைக்கலாமே?" குறைக்கலாம் அம்மா. ஆனா குறைக்கப் போறதுக்குள்ள அடுத்த பாட்டு வந்துடுதே! (சிரிப்பு)

நடுவர் அவர்களே, நான் கருவியைக் குறை சொல்லவில்லை. வள்ளுவர் 'கேள்வி' என்று ஓர் அதிகாரமே வைத்தார். கேட்பது ஒரு செயல், சும்மா காதில் விழுவது வேறு. இசைத்தட்டு நம்மைக் கேட்கவைத்தது. தூசி துடைக்கணும். ஊசியை மெதுவா இறக்கணும். பக்கம் முடிஞ்சா எழுந்து போய்த் திருப்பிப் போடணும். ஒருத்தர் திருப்பிப் போட்டா, தாத்தா, பாட்டி, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்னு கூடமே கேட்டது. இன்னிக்கு அடையாறில் ஒரு வீட்டுக்குப் போங்க. நாலு பேர், நாலு மூலை, எட்டுக் காதிலும் அடைப்பு! அப்பாவுக்கு என்ன பாட்டு பிடிக்கும்னு பிள்ளைக்குத் தெரியாது. பிள்ளை எதைக் கேட்டு அழுதான்னு அப்பாவுக்குத் தெரியாது. (பலத்த கைதட்டல்)

இது கிழவர்கள் புலம்பல் என்பார்கள். இல்லீங்க! அமெரிக்காவில் 2022இல் சி.டி. விற்றது சுமார் 3.3 கோடி, இசைத்தட்டு சுமார் 4.1 கோடி! எல்லாப் பாட்டும் கைப்பேசியில் கிடைக்கிற ஊரில், காசு கொடுத்துத் தட்டு வாங்குறான். ஏன்? பாட்டு அவன்கிட்ட நிறைய இருக்கு. உட்கார்ந்து கேட்கிற அந்த இருபது நிமிஷம்தான் இல்லை. அதை விலைக்கு வாங்குறான்!

பாட்டைக் கையில் கொடுத்தது கைப்பேசி. நம்மை உட்காரவைத்து, ஒன்றாகக் கேட்கவைத்து, மனசை நிறைத்தது இசைத்தட்டே! நடுவர் அவர்கள் தீர்ப்பு எழுதுமுன் ஒரு நிமிஷம் கைப்பேசியை அணைத்து வைத்துவிட்டு எழுத வேண்டும் என்று கேட்டு அமர்கிறேன். (சிரிப்பு)